கடன் ஒரு தட்டில், பட்டம் மறு தட்டில்

(மாணவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பன்னாட்டு உறவுகள் என்று ஒரு படிப்பு இருக்கிறது. நாடுகள் ஏன் போர் தொடுக்கின்றன, எவ்வாறு அமைதி பேசுகின்றன, ஒப்பந்தங்களை யார் எழுதுகிறார்கள், கடலில் யாருக்கு எவ்வளவு உரிமை, வீடிழந்து வரும் அகதிக்கு எந்த நாடு இடந்தர வேண்டும் — இவற்றையெல்லாம் ஆராயும் படிப்பு அது. அமெரிக்க நாட்டில் இன்று அந்தப் படிப்பின் வாயிலில் ஒரு தராசு தொங்குகிறது. ஒரு தட்டில் மாணவன் வாங்கப்போகும் கடன். மறு தட்டில் பட்டம் பெற்றபின் அவன் ஈட்டப்போகும் சம்பளம். எந்தத் தட்டு தாழ்கிறதென்று பார். கடன் தட்டு தாழ்ந்தால் வேறு வாயிலைத் தேடிக்கொள் என்கிறார்கள்.

அந்தத் தராசைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். அமெரிக்க மாணவன் பட்ட கடனைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கத் தோன்றும். இரண்டு காரணங்கள் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளும் வீட்டுப் பத்திரத்தைக் கையிலெடுத்துக்கொண்டு அதே வாயிலில் போய் நிற்கத் தொடங்கிவிட்டார்கள்; அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். மற்றொன்று இதனினும் பெரிது. போரும் அமைதியும் முடிவாகும் மேசைகளில் எந்த வீட்டுப் பிள்ளைகள் அமர்வது என்பதை அந்தத் தராசு தீர்மானிக்கத் தொடங்கியிருக்கிறது. வாஷிங்டனில் உள்ள மேசையில் எடுக்கப்படும் முடிவுக்கு ஈராக்கில் இருப்பவனும் வியட்நாமில் இருந்தவனும் விலை கொடுத்ததை உலகம் கண்டிருக்கிறது. அந்த மேசையருகே செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே செல்ல முடியும் என்றால், அது அமெரிக்காவின் உள்வீட்டு விவகாரமாக மட்டும் நின்றுவிடாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கணக்கை இகழ்பவன் அல்லன் நான். "கல்விக்கு விலை பேசுவதா?" என்று மேடையிலே முழங்கினால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் மாதந்தோறும் தவணை கட்டுபவன் மேடையில் இருப்பவன் அல்லவே!

அமெரிக்க மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் மத்திய அரசாங்கத்துக்குச் செலுத்தவேண்டிய கடன் மட்டும் 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல். அதைச் சுமப்பவர்கள் 4 கோடிக்கும் அதிகமானோர். நம் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்ட எண்ணிக்கை அது!

இந்தப் பெருந்தொகையை ஒரு மாணவனின் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். அங்கே அண்மை ஆண்டுகளில் நடப்பிலிருந்த வட்டியை ஒட்டி, எடுத்துக்காட்டாக இரண்டு பேரை வைத்துக்கொள்கிறேன். ஒருவன் தன் மாநிலத்து அரசுப் பல்கலைக் கழகத்தில் பன்னாட்டு உறவுகளில் இளநிலைப் பட்டம் பெறுகிறான்; கடன் 25,000 டாலர், வட்டி நூற்றுக்கு 6, பத்தாண்டுத் தவணை. மாதம் ஏறத்தாழ 278 டாலர் கட்டவேண்டும். ஆண்டுச் சம்பளம் 45,000 டாலர் கிடைத்தால் அதில் நூற்றுக்கு ஏழரைப் பங்கு கடனுக்குப் போகும். கடினந்தான், மூச்சு முட்டாது. மற்றொருவன் பெயர்பெற்ற தனியார் பல்கலைக் கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெறுகிறான். கடன் 1,00,000 டாலர், வட்டி 8. மாதத் தவணை 1,213 டாலர்! பத்தாண்டு முடிவில் அவன் கட்டியிருக்கும் தொகை 1,45,000 டாலரைத் தாண்டும். சம்பளம் 60,000 என்று வைத்தாலும் அதில் ஏறத்தாழக் காற்பங்கு, வரிக்கும் வாடகைக்கும் சோற்றுக்கும் முன்னரே, போய்விடுகிறது.

இலாபத்துக்காக நடத்தப்படும் கல்லூரிகளையும் தொழிற்பயிற்சிப் படிப்புகளையும் கட்டுப்படுத்த ஒபாமா ஆட்சி 2014-ஆம் ஆண்டு ஓர் அளவுகோல் வகுத்தது: ஆண்டுத் தவணை, ஆண்டு வருவாயில் நூற்றுக்கு 8-க்குள் இருத்தல் நலம். மொத்தக் கடன் முதலாண்டுச் சம்பளத்தை மீறலாகாது என்பது அங்கே வழங்கும் மற்றோர் எளிய விதி. இரண்டு கோல்களாலும் அளந்து பாருங்கள். முதல் மாணவன் தேறுகிறான். இரண்டாமவனின் சுமை அளவைப் போல் மூன்று மடங்கு. எட்டு விழுக்காட்டுக்குள் அவன் அடங்கவேண்டுமானால் ஆண்டுக்கு 1,82,000 டாலர் சம்பளம் வேண்டும். தொடக்கப் பணியில், அதுவும் அரசாங்கத்திலோ தொண்டு நிறுவனத்திலோ, அந்தச் சம்பளத்தை யார் தருவார்?

படித்தது இருவரும் ஒரே பாடம். அதே ஐரோப்பியப் போர்களின் வரலாறு, அதே ஐக்கிய நாடுகள் சாசனம். "பன்னாட்டு உறவுகள் படித்தால் பிழைக்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் விடை: பாடத்தைக் கேட்காதீர், எந்தக் கல்லூரியில், எவ்வளவு கடனில், எந்த வட்டியில் என்று கேளுங்கள். வெளிநாட்டுத் தூதரகப் பணிக்கான தேர்வை எழுத அமெரிக்க அரசாங்கம் எந்தக் குறிப்பிட்ட பட்டத்தையும் கட்டாயமாக்கவில்லை என்பதை இத்துடன் சேர்த்து நினைவில் வையுங்கள். ஐக்கிய நாடுகள் மன்றத்தின் அலுவலர் பணிகளுக்கோ முதுநிலைப் பட்டத்தை எதிர்பார்ப்பது வழக்கம். ஆகவே, சேரப்போகும் இடத்தைப் பொறுத்தும் கணக்கு மாறுகிறது.

இதுவரை தராசை நம்பிப் பேசினேன். இனித் தராசையே சற்றுத் திருப்பிப் பார்ப்போம்.

கல்லூரி தோறும், பின்னர்ப் பாடம் தோறும், பட்டதாரிகளின் வருவாயையும் கடனையும் பட்டியலிட்டு அமெரிக்கக் கல்வித்துறை வெளியிடுகிறது. 2015-இல் தொடங்கிய ஏற்பாடு. 2019-இல் பாடவாரியான வருவாயும் சேர்ந்தது. நல்ல ஏற்பாடு. விலையை மறைத்து விற்கும் வணிகத்தைவிட, விலைச்சீட்டைத் தொங்கவிடும் வணிகம் மேலானது அன்றோ? ஆயினும் அந்தப் பட்டியலில் எண்ணப்படுவோர் யார் தெரியுமா? மத்திய அரசாங்கத்தின் உதவித்தொகையோ கடனோ பெற்றவர்கள் மட்டும். தந்தையின் காசோலையால் படித்த செல்வன் அதில் இல்லை. அவன் படித்து முடித்துத் தந்தையின் நண்பர் அலுவலகத்தில் அமர்ந்ததும் அதில் இல்லை. தட்டில் வைத்து நிறுக்கப்படுபவன் ஏழையும் நடுத்தரக் குடும்பத்தானும். செல்வன் தராசின் பக்கமே வருவதில்லை!

மற்றொரு குறை. பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் அளக்கிறார்கள். இந்தத் துறையிலோ வருவாய் மெல்லத்தான் ஏறும். அரபு மொழி கற்பதற்கு ஈராண்டு, தொலைநாட்டுச் சிற்றூரில் தொண்டராக ஈராண்டு, பயிற்சியாளனாக ஓராண்டு என்று தொடக்க காலம் ஓடிவிடும். அந்த நேரத்தில் எடுக்கப்பட்ட நிழற்படத்தைக் காட்டி, இவன் வாழ்நாள் இவ்வளவுதான் என்று சொல்வது, நாற்றங்காலைப் பார்த்து விளைச்சலை அளப்பது போலாகும்.

ரால்ஃப் பஞ்ச் என்ற பெருமகனின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். கறுப்பர், தந்தை முடிதிருத்துபவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாட்டியால் வளர்க்கப்பட்டவர். விளையாட்டுக்குக் கிடைத்த உதவித்தொகையையும், துப்புரவுப் பணி செய்து ஈட்டிய கூலியையும் கொண்டு 1927-இல் பட்டம் பெற்றார். ஹார்வர்டு பல்கலைக் கழகம் மேற்படிப்புக்கு இடமும் உதவித்தொகையும் தந்தது. போய்ச் சேரவும், தங்கி உண்ணவும் பணம்? அந்நகரத்துக் கறுப்பின மக்கள் தங்களுக்குள் தண்டல் செய்து 1,000 டாலர் திரட்டித் தந்தார்கள். வீட்டு வேலைக்காரர்களும் கூலிகளும் நிறைந்த சமூகம். அன்றைக்கு 1,000 டாலர் சிறு தொகையன்று. அரசியல் விஞ்ஞானம் படித்த அந்த இளைஞர் பின்னாளில் ஐக்கிய நாடுகள் மன்றத்தின் நடுவராகச் சென்று, 1949-இல் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கைகளை முடித்துவைத்தார். 1950-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பர் அவரே. அந்த 1,000 டாலரைத் தட்டில் வைத்து, அவர் பெற்ற முதற் சம்பளத்தால் எடைபோட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? நின்ற துப்பாக்கிகளின் மதிப்பு எந்தச் சம்பளச் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது? அவர் படிப்பின் பலன் அவர் பையில் சேர்ந்ததைவிட, அவர் முகமே காணாத மக்களிடம் சென்று சேர்ந்தது. இத்தகைய படிப்புக்கு ஆகும் செலவு முழுவதையும் படிப்பவன் தலையிலேயே கட்டுவது என்ன நியாயம்?

இந்தப் பாடம் பிறந்த கதையும் அதையே சொல்கிறது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-இல், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் கல்லூரியில் பன்னாட்டு அரசியலுக்கென்று உலகின் முதற் பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. டேவிட் டேவிஸ் என்ற செல்வரும் அவர் சகோதரிகளும், போரில் மாண்ட மாணவர்களின் நினைவாக 20,000 பவுன் கொடுத்தனர். இன்னொரு பெரும்போர் வாராதிருக்க வழி கண்டுபிடியுங்கள் என்பது அதன் நோக்கம். வழி கண்டுபிடிக்கவில்லை, இருபதே ஆண்டில் போர் வந்தது, அது வேறு கதை. இறந்த மாணவர்களின் பெயரால் பிறந்த பாடத்தில் சேர, நூறாண்டு கழித்து, உயிரோடுள்ள மாணவன் ஆயுட்கடன் எழுதிக் கொடுக்கிறான்!

இந்த விலை எப்படி வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. கையெழுத்திட்டுக் கொண்டுவந்தார்கள், எந்த ஆண்டில் என்றுகூடச் சொல்லலாம்.

நியூயார்க் நகரில் சிட்டி காலேஜ் என்ற கல்லூரி 1847-இல், ஏழைகளுக்கும் தொழிலாளர் மக்களுக்கும் இலவசக் கல்விச்சாலையாகத் தொடங்கப்பட்டது. 129 ஆண்டுகள் படிப்புக் கட்டணம் வாங்கவில்லை. ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோர். தாய் தையல் தொழிலாளி. தந்தை துணிக் கிடங்கில் சரக்கு அனுப்பும் குமாஸ்தா. அவர்கள் மகன் அக்கல்லூரியில் படித்து 1958-இல் பட்டம் பெற்றான். கடன் இல்லை. அவன்தான் 2001-இல் அமெரிக்காவின் வெளிநாட்டு அமைச்சரான காலின் பாவல். அப்பதவியில் அமர்ந்த முதல் கறுப்பர். அவர் படித்தது மண்ணியல் என்பது ஒரு வேடிக்கை. அவர் அமைச்சராக ஆற்றியவற்றையெல்லாம் நான் போற்றவில்லை. 2003 பிப்ரவரி 5-ஆம் நாள் பாதுகாப்பு மன்றத்தில் ஈராக்கின்மீது அவர் சுமத்திய குற்றச்சாட்டு பொய்த்துப் போயிற்று. அது தம் பெயரில் படிந்த கறை என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். இலவசக் கல்லூரியில் படித்தவன் தவறு செய்யமாட்டான் என்பதன்று என் வாதம். தையற்காரியின் மகனும் அந்த மேசையை எட்ட முடிந்தது என்பதே நான் சுட்டுவது.

அந்தக் கல்லூரிக்குப் பிறகு என்ன நேர்ந்தது? 1970-இல் நகரப் பல்கலைக் கழகம் தன் வாயிலை அகலத் திறந்து, உயர்பள்ளி முடித்த எவரும் சேரலாம் என்றது. கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளும் போர்ட்டோ ரிக்கர் வீட்டுப் பிள்ளைகளும் திரள்திரளாக உள்ளே வந்தார்கள். ஆறே ஆண்டுகளில், 1976-இல், கட்டணம் வந்தது! நகரத்தின் கருவூலம் 1975-இல் திவாலின் விளிம்புக்குப் போனது மெய்தான்; வறட்சி வந்தபோது முதலில் அடைக்கப்பட்ட வாய்க்கால் எது என்பதை மட்டும் கவனியுங்கள். இன்று அதே கல்லூரியில் பாவலின் பெயரால் ஒரு பள்ளி நடக்கிறது. பன்னாட்டுக் கல்வியும் அங்கே கற்பிக்கப்படுகிறது. அந்த மாநிலத்து மாணவனுக்கு ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 7,000 டாலர். ஏழைகளுக்கு உதவித்தொகை உண்டு. அந்நாட்டு அளவில் அது மலிவு என்றும் ஒப்புக்கொள்ளவேண்டும். வாஷிங்டன் நகரத்துத் தனியார் பல்கலைக் கழகமாகிய ஜார்ஜ்டவுனில் ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல்!

இனிக் கடனின் கதை. 1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அமெரிக்கா திடுக்கிட்டது. மறு ஆண்டே நாட்டுப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. மாணவனுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை, நூற்றுக்கு 3 வட்டியில் கடன். அரசுப் பள்ளியில் ஆசிரியனாகப் பணிபுரிந்தால் பாதிவரை தள்ளுபடி. அயல்மொழிகளைக் கற்பிக்கவும் அச்சட்டம் பொருள் ஒதுக்கிற்று. அந்த வழியில் வந்த நிதியால் அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் சிலவற்றில் நம் தமிழும் கற்பிக்கப்பட்டது. பனிப்போரின் அச்சத்தால் விளைந்த நன்மை அது! 1965-இல் குடியரசுத் தலைவர் ஜான்சன், டெக்சாசில் தாம் படித்த கல்லூரிக்கே சென்று உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழை மாணவனைக் கைதூக்கிவிடும் எண்ணம் அவருக்கு இருந்தது என்பதை நான் ஐயுறவில்லை. ஆனால் கைதூக்கிவிட அவர் நீட்டிய கயிறு கடன் கயிறு. பின்வந்தவர்கள் அதில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டார்கள். 1976-இல், படிப்புக் கடனை முதல் ஐந்தாண்டுகளுக்குள் திவால் வழக்கில் தீர்த்துக்கொள்ள முடியாதென்றனர். 1998-இல், அரசுக் கடனுக்குக் கால எல்லையே இல்லை, கடுந்துன்பத்தை மெய்ப்பித்தாலன்றி எந்நாளும் விடுதலையில்லை என்றனர். 2005-இல் தனியார் வங்கிகளின் படிப்புக் கடனுக்கும் அதே காப்பு! சூதாடி நொடித்தவன் திவால் மன்றத்தில் கடன் தீர்க்கலாம். படித்து நொடித்தவனுக்கு அந்தக் கதவு அடைபட்டது.

அதே காலத்தில் முதுநிலை மாணவனுக்குப் பல்கலைக் கழகம் சொல்லும் செலவு முழுவதையும் கடனாகத் தரும் திட்டம் வந்தது. கேட்ட தொகை கிடைக்கும் என்றால் கேட்பவன் குறைத்தா கேட்பான்? கட்டணங்கள் ஏறியதற்கு அத்திட்டமும் ஒரு காரணம் என்ற குற்றச்சாட்டை நான் தள்ளிவிடமாட்டேன்.

விலை மனிதர் வைத்தது என்பதற்கு ஜெர்மனி ஒரு சான்று. 2005-இல் அந்நாட்டு அரசியல் சட்ட மன்றம் வழிவிட, மாநிலங்கள் பல கட்டணம் விதித்தன. மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். தேர்தல்களில் அது பேச்சாயிற்று. ஹெஸ்ஸன் மாநிலம் 2008-இல் கட்டணத்தை நீக்கியது. 2014-க்குள் கடைசி மாநிலமும் கைவிட்டது. வந்த கட்டணம் போகாது என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கட்டணத்தைத் தாண்டியும் ஒரு வேலி இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பன்னாட்டுத் துறையில் நுழைய அனுபவம் வேண்டும். அனுபவம் பெறப் பயிற்சியாளனாகப் பணியாற்ற வேண்டும். அந்தப் பணிக்குப் பல இடங்களில் சம்பளம் கிடையாது! அமெரிக்க வெளிநாட்டு இலாகாவே 2022-இல்தான் பயிற்சி மாணவர்களுக்கு ஊதியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் மன்றத்தில் 2015-ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் கேளுங்கள். நியூசிலாந்திலிருந்து 22 வயது இளைஞர் ஒருவர் ஜெனிவா அலுவலகத்துக்குப் பயிற்சியாளராக வந்தார். ஊதியம் இல்லை. ஜெனிவாவோ வாடகையில் வானத்தைத் தொடும் நகரம். அவர் ஏரிக்கரையில் ஒரு சிறு கூடாரம் அடித்துத் தங்கி, காலையில் அங்கிருந்தே அலுவலகம் சென்றார். செய்தி பரவியது, உலகம் சிரித்தது, மன்றம் வெட்கியது. உழைப்புக்கு ஊதியம் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று 1948-இல் உலகுக்கு எடுத்தோதிய மன்றமல்லவா அது! கூடாரத்தில் தங்கத் துணிந்தவர் ஒருவர். ஜெனிவா பக்கமே வராமல் நின்றுவிட்டவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

"அரசுப் பணிக்கு வா, கடனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று 2007-இல் அமெரிக்க அரசாங்கம் ஒரு வாக்குக் கொடுத்தது. அரசிலோ அறநிறுவனத்திலோ பணியாற்றியபடி 120 மாதத் தவணை கட்டினால் எஞ்சிய கடன் தள்ளுபடி. பன்னாட்டு உறவுகள் படித்தவர்களுக்கு இது பெரிய ஊன்றுகோல். குறைந்த சம்பளத்தில் தூதரகத்துக்கும் உதவி நிறுவனங்களுக்கும் போகத் துணிந்தது இதனை நம்பித்தான். முதல் அணியினர் 2017-இல் விண்ணப்பித்தபோது, தொடக்கத்தில் நூற்றுக்கு 99 பேர் திருப்பி அனுப்பப்பட்டனர்! பின்னர் விதிகள் தளர்ந்து பலர் பயன்பெற்றார்கள். அடுத்து வந்தது 2025. வெளிநாடுகளுக்கு உதவி வழங்க 1961-இல் கென்னடி நிறுவிய நிறுவனம் ஜூலை முதல் நாள் மூடப்பட்டது. அதே மாதத்தில் வெளிநாட்டு இலாகாவிலிருந்து 1,300-க்கு மேற்பட்டோர் ஒரே நாளில் நீக்கப்பட்டனர். எழுபதாவது தவணையிலோ நூறாவது தவணையிலோ இருந்தவன் என்ன செய்வான்? வேறு அரசுப் பணியோ அறப்பணியோ கிடைத்தால் கணக்குத் தொடரும்; கிடைக்காதவரை நின்றுபோகும். வாக்குக் கொடுத்தவனும் வேலையைப் பறித்தவனும் ஒரே அரசாங்கம்.

2025 ஜூலை 4-ஆம் நாள் கையெழுத்தான சட்டம் தராசுக்கு மேலும் ஓர் எடைக்கல்லைச் சேர்த்தது. செலவு முழுவதையும் தந்த முதுநிலைக் கடன் திட்டம் 2026 ஜூலை முதல் நாளிலிருந்து புதியவர்களுக்கு இல்லை. பன்னாட்டு உறவுகள் போன்ற முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர். அதற்குமேல் அரசுக் கடன் இல்லை. மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000. இன்னொரு விதி: பட்டம் பெற்றவர்களின் நடுநிலை வருவாய், அதற்குக் கீழ்ப்படி மட்டும் படித்தவர்களின் வருவாயைவிடக் குறைவாக மூன்றாண்டில் ஈராண்டு இருந்தால், அந்தப் படிப்புக்கு அரசுக் கடனே கிடையாது.

இதனை முழுதும் தீது என்று நான் சொல்லவில்லை. கொள்ளை விலைக்கு அரசாங்கமே கடன் கொடுத்து வளர்த்தது ஒழியட்டும். பல்கலைக் கழகங்கள் விலையைக் குறைத்தால் வாழ்த்துவேன். குறைக்காவிட்டால்? மீதித் தொகைக்கு மாணவன் தனியார் வங்கிக்குப் போவான். வங்கி, "உன் பின்னால் கையெழுத்திட யார் இருக்கிறார்?" என்று கேட்கும். செல்வன் தந்தையை அழைத்துவருவான். தையற்காரியின் மகன் யாரை அழைத்துவருவான்? சம்பளத்துக்கேற்ற தவணை, அரசுப் பணிக்குத் தள்ளுபடி முதலியவை தனியார் கடனுக்கு இல்லை. திவால் கதவும் முன்னரே அடைபட்டிருக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

நம் பிள்ளைகளுள்ளும் சிலர் அங்கே சென்று பன்னாட்டு உறவுகளில் முதுநிலைப் பட்டம் பெற விரும்புகிறார்கள். ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் அமெரிக்க மாணவனுக்குள்ள கணக்கு வேறு. இவர்களுக்குள்ள கணக்கு வேறு. அமெரிக்க அரசுக் கடன் இவர்களுக்கு இல்லை. 120 தவணைத் தள்ளுபடியும் இல்லை. கடன் இங்கே, பலரும் வீட்டையோ நிலத்தையோ ஈடுகாட்டி வாங்கவேண்டியிருக்கிறது. படிக்கும் காலத்திலும் வட்டி ஓடும். படித்து முடித்தபின் அங்கே தங்கி வேலை பார்க்க, பொறியியலும் கணிதமும் படித்தவனுக்கு மூன்றாண்டு வரை இசைவு உண்டு. பன்னாட்டு உறவுகள் படித்தவனுக்குப் பொதுவாக ஓராண்டுதான். அந்த ஓராண்டில் எங்கே வேலை தேடுவான்? வெளிநாட்டு இலாகாவும் தூதரகப் பணியும் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் உரியவை. அந்தப் படிப்பு எந்த வேலைக்கு முதன்மையான ஏணியோ, அந்த வேலையே இவனுக்குத் தடை! ஊருக்குத் திரும்பினால் ரூபாயில் சம்பளம். கட்டணமோ டாலரில் போயிற்று. 2010-இல் 45 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2024-இல் 83 ரூபாயைத் தாண்டியது.

நம் நாட்டு வெளியுறவுப் பணியில் சேர இத்தனை பாடு தேவையில்லை. தேர்வாணையத்தின் தேர்வு எழுத ஏதேனும் ஒரு பட்டம் போதும். பன்னாட்டு உறவுகளையே கற்க வேண்டுமென்றால் 1955-இல் தொடங்கி 1970-இல் ஜவகர்லால் நேரு பல்கலைக் கழகத்தோடு இணைந்த கல்விக்கூடம் தில்லியில் இருக்கிறது; மிகக் குறைந்த கட்டணம். புதுச்சேரிப் பல்கலைக் கழகத்திலும் துறை இருக்கிறது. இந்தக் கல்விக்கூடங்களின் கட்டணத்தை உயர்த்தும் பேச்சு எழும்போதெல்லாம் நம் மாணவர்கள் எதிர்த்து நிற்பது எதற்காக என்பதும் இப்போது விளங்கும்.

வெளிநாடு செல்லவே கூடாது என்பேனோ? அல்லேன். திருவிதாங்கூர் உழவூரில் ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்து, கட்டணம் கட்ட இயலாமல் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்ட கே. ஆர். நாராயணன், டாடா நிதியின் உதவி பெற்று லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்றார், லாஸ்கியிடம் பயின்றார். 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். பீகிங்கிலும் வாஷிங்டனிலும் தூதராக அமர்ந்தார். 1997-இல் குடியரசுத் தலைவரானார். லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் திரட்டிய 1,000 டாலரும், நியூயார்க் நகரத்தார் வரிப்பணத்தில் நடந்த கல்லூரியும், நாராயணனுக்குக் கிடைத்த உதவியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை: படிப்பவனின் சுமையில் ஒரு பங்கைப் பிறர் தோள் ஏற்றது.

ஆகவே கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் ஒரு குடும்பம் அயல்நாட்டுப் பல்கலைக் கழகத்தின் சேர்க்கைக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினால், இனிப்பை வாங்கிக்கொண்டு வாழ்த்திவிட்டுத் திரும்பாதீர். ஒரு தாளை எடுத்து அவர்களோடு திண்ணையில் அமருங்கள். மொத்தச் செலவு எவ்வளவு, அதில் உதவித்தொகை எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டி என்ன, முதல் தவணை எந்த மாதம், படிப்புக்குப் பின் எத்தனை மாதம் தங்கலாம், ஊர் திரும்பினால் ரூபாய்ச் சம்பளத்தில் அந்தத் தவணை எத்தனை பங்கு என்று வரிசையாக எழுதுங்கள். அரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைகளுக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று கேளுங்கள். பிள்ளை வேறு நாட்டில், வேறு கல்லூரியில் அதே பாடத்தைக் குறைந்த செலவில் படிக்க முடியுமா என்று தேடிக்கொடுங்கள். வங்கிக்குப் பத்திரம் போகுமுன் அந்தத் தாள், தந்தை மட்டுமல்ல, தாயும் படிக்கும்படி, தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.